கோடு கீழேயா, மேலேயா? பல்லிலிருந்து சைனஸுக்குள் ஏறும் நீர்க்கட்டியைப் படத்தில் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த அந்த அம்மா மஞ்சப்பையைக் கவிழ்த்து, இரண்டு வருடத்துச் சீட்டுகளையும் படங்களையும் என் மேஜையில் பரப்பினார். "இடது பக்கம் மட்டும் மூக்கு அடைக்குது டாக்டரம்மா. குனிஞ்சு கோலம் போட்டா கன்னம் கனக்குது. அப்பப்ப ஒரு நாத்தம் வருது. வீட்ல யாருக்கும் தெரியல, எனக்கு மட்டும்தான் தெரியுது." ஆவி பிடித்திருக்கிறார், மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார். பெங்களூர்க் குளிருக்கு எல்லோருக்கும் இருப்பதுதான் என்று அக்கம்பக்கத்திலும் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எட்டு வருடத்துக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்ட பல் அது. வலிக்காத பல்லை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

நான் வாய்ப் படவியல் மருத்துவர். பெங்களூரில் ஒரு பல் ஸ்கேன் மையத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தாடைகளைப் பார்ப்பதுதான் வேலை. இதை முதலில் பயிற்சியில் இருக்கும் பல் மருத்துவத் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் நோயாளிகளும் கூடவே வாசிக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்து நீங்களே நோயை முடிவு செய்துகொள்ள வேண்டாம். கட்டிக்குக் கடைசியாகப் பெயர் வைப்பது திசுப் பரிசோதனைதான்.

முதலில் அக்கம்பக்கம் தெரிய வேண்டும்

மேல்தாடை எலும்புக்குள், கன்னத்துக்குப் பின்னால், ஒவ்வொரு பக்கமும் ஒரு காற்றறை இருக்கிறது. நான் சைனஸ் என்று சொல்வது இதைத்தான். பெரியவர்களுக்குச் சுமார் 12 முதல் 15 மில்லி கொள்ளும். இங்கிலாந்து மருத்துவர் நத்தேனியல் ஹைமோர் 1651இல் இதை விவரித்து எழுதியதால் பழைய டாக்டர்கள் இன்னும் ஹைமோர் குகை என்பார்கள். மேல் கோரைப்பல் பிடுங்கிய ஒரு பெண், அந்தக் குழிக்குள் ஊசியை விட்டுப் பார்த்தபோது அது மேலே போய்க்கொண்டே இருந்ததைக் கண்டு பயந்த கதையும் அவர் எழுத்தில் உண்டு. பல்லுக்கும் சைனஸுக்கும் நடுவில் சுவர் எவ்வளவு மெல்லிசு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அந்த அறையின் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. பொதுவாக மிக நெருக்கமாக இருப்பது இரண்டாம் கடைவாய்ப் பல்லின் முன்பக்கக் கன்ன வேர். முதல் கடைவாய்ப் பல்லும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் அதிகம் பின்தங்கவில்லை. சிலருக்கு வேர் நுனிக்கும் சைனஸுக்கும் இடையில் எலும்பே இருக்காது, சவ்வு மட்டும்தான்.

கீழ்த்தாடையில் கட்டி வளர்ந்தால் எலும்பு உப்பி முகத்தில் தெரிந்துவிடும். மேலே அப்படியில்லை. காற்றறைக்குள் தடுக்க ஆள் இல்லை, எனவே கட்டி சத்தமில்லாமல் அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளும். முகம் வீங்கும்போது சைனஸில் பாதி போயிருக்கும்.

படம் எடுக்கும் முன்: பத்து நிமிட வேலை

இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு பத்து நாள் அலைகிறார்கள். கேள்விகள் எளியவை. ஒரு பக்கம் மட்டுமா? துர்நாற்றம் உண்டா? அந்தப் பக்கம் பல் பிடுங்கியது, ரூட் கெனால் செய்தது, அடிபட்டது ஏதாவது? ஒவ்வாமையால் வருகிற சைனஸ் தொல்லை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு வந்தால் பல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பாதிக் கதையைக் கன்னடத்திலும் மீதியைத் தமிழிலும் சொல்வார்கள். ஹல்லு என்றாலும் பல் என்றாலும், "அந்தப் பல்லுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் அந்தப் பல்லில்தான் நான் தொடங்குவேன்.

அப்புறம் விரலால் தடவிப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, கடைவாய் வேர்களுக்கு மேலே ஈறு மடிப்பில் மெதுவாக அழுத்தவும். எலும்பு மெலிந்திருந்தால் முட்டை ஓடு போல உள்ளே போய்த் திரும்பும். பிறகு ஒவ்வொரு பல்லாகக் குளிர் வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்க்கவும். வேர்முனை நீர்க்கட்டி செத்த பல்லில்தான் வரும். எல்லாப் பற்களும் குளிருக்குத் துள்ளுகின்றன, ஆனால் படத்தில் பெரிய கட்டி இருக்கிறது என்றால் அது வேறு வகைக் கட்டி. இந்த ஒரு தகவல் கையில் இல்லாமல் ஸ்கேன் பார்ப்பது, முகவரி இல்லாமல் சிவாஜிநகர்ச் சந்துகளில் வீடு தேடுவது மாதிரி.

சாதாரணப் படங்கள்: ஐஓபிஏவும் ஓபிஜியும்

வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படமான ஐஓபிஏ ஒரே ஒரு விஷயத்துக்குத் தங்கம்: வேரைச் சுற்றி ஓடும் லேமினா டூரா என்ற மெல்லிய வெள்ளைக் கோடு. வேர்முனை நீர்க்கட்டியில் இந்தக் கோடு நுனியில் வேரை விட்டுப் பிரிந்து, கட்டியின் விளிம்பாக வளைந்து போகும். ஆனால் பெரிய கட்டியின் மேல்பாதி இந்தப் படத்துக்குள் அடங்காது.

ஆகவே அடுத்தது ஓபிஜி, இரண்டு தாடையும் ஒரே நீளப் படத்தில். நம்மை அதிகம் பாடாய்ப்படுத்துவதும் இதுதான். காதில் ஜிமிக்கியோடு நிற்க விட்டால் அதன் பேய்நிழல் மறுபக்கத்தில், கொஞ்சம் மேலே, பெரிதாகி மங்கலாக விழும். சரியாகச் சைனஸ் மேல் விழுந்தால் புதுப் பயிற்சி மருத்துவர் அதற்கு ஒரு நோயின் பெயரே வைத்துவிடுவார். மூக்குத்தி கேட்கவே வேண்டாம், தேடுகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை, கழுத்துக்குக் கீழே ரவிக்கைக்குள் இறக்கிவிட்டால் போதும். நாக்கை மேலண்ணத்தில் முழுதாக ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒட்டாவிட்டால் இடையில் நிற்கும் காற்று ஒரு கருப்புப் பட்டையாக மேல் வேர்களை மறைக்கும்.

ஓபிஜியில் முதலில் குழப்புவது நிறம். ஒரே கட்டி, ஒரே படத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். சாம்பல் நிறச் சேலையை வெள்ளைச் சுவர் முன்னால் பிடித்தால் கறுத்துத் தெரியும், கரும்பலகை முன்னால் பிடித்தால் வெளுத்துத் தெரியும் அல்லவா? கட்டிக்குள் இருப்பது நீர். வெள்ளை எலும்புக்கு நடுவில் அது கருப்பு, காற்று நிறைந்த கருப்புச் சைனஸுக்குள் அதே நீர் வெளுத்த சாம்பல். கீழே கருப்பு, மேலே சாம்பல் என்று பார்த்ததும் இரண்டு நோய் என்று எழுதிவிடாதீர்கள்.

கோடு எங்கே இருக்கிறது?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். சைனஸ் தரையில் அரைவட்டமாக, குவிமாடம் போல ஒரு நிழல் தெரிகிறது. பல் கட்டியாகவும் இருக்கலாம், சைனஸ் சவ்வுக்கடியில் நீர் கோத்து நிற்கும் போலிக் கட்டியாகவும் இருக்கலாம். போலிக் கட்டி சர்வசாதாரணம், பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது, சும்மா விட்டுவிடலாம். பல் கட்டியைச் சும்மா விட முடியாது. இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, அதாவது சைனஸின் எலும்புத் தரை.

மல்லேஸ்வரம் பக்கம் நடைபாதையில் மரத்தின் வேர் கல்லைத் தூக்கி நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல் கட்டி அந்த வேர். கீழேயிருந்து வந்து தரையைத் தூக்குகிறது, அதனால் கோடு குவிமாடத்தின் தலைக்கு மேலே தொப்பி போல வளைந்து கிடக்கும். போலிக் கட்டி அந்தக் கல்லின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன மணல் மூட்டை. கல் கிடந்த இடத்தில் கிடக்கும்: கோடு குவிமாடத்துக்குக் கீழே, நேராக, முழுதாக. மூட்டையின் மேல் எலும்பு விளிம்பு இருக்காது.

ஆனால் எப்போதும் இவ்வளவு சுத்தமாக அமையாது. கட்டியில் சீழ் பிடித்தால் தூக்கப்பட்ட கோடு அங்கங்கே கரைந்துபோகும். அப்போது நடுவில் தேடாதீர்கள், ஓரத்துக்குப் போங்கள். குவிமாடத்தின் இரண்டு கால்களிலும் சைனஸ் தரை மேல்நோக்கி வளைந்து ஏறத் தொடங்குகிறதா? அந்தச் சிறு வளைவு மிச்சம் இருந்தாலும் பல் கட்டிதான் என்று நினைக்கலாம். கட்டி சைனஸ் முழுவதையும் நிரப்பிவிட்டால் இன்னொரு சிக்கல்: காற்றே மிச்சமிருக்காது, மொத்தமும் சாம்பலாகி வெறும் சைனஸ் அழற்சி போலத் தெரியும். அப்போது சுவர் ஓரம் பாருங்கள். கட்டியின் விளிம்பும் சைனஸ் சுவரும் ஒன்றையொட்டி ஒன்றாக, இரட்டைக் கோடாகத் தெரியலாம். காற்று கீற்று போல எங்காவது ஒதுங்கிக் கிடக்கலாம்.

மூன்றாவது ஏமாற்று, நோயே இல்லாதது. சைனஸே சிலருக்கு வேர்களுக்கு நடுவில் பை போலத் தொங்கும். பார்க்க அச்சு அசல் நீர்க்கட்டி. ஆனால் வேரைச் சுற்றி லேமினா டூரா முழுதாக இருக்கும், பல்லுக்கு உயிர் இருக்கும், மறுபக்கத்திலும் ஏறக்குறைய அதே வடிவம் இருக்கும். ஊசி போட்டு இழுத்தால் காற்றுதான் வரும். நான் படிக்கும் காலத்தில் இப்படியொரு பையைக் கட்டி என்று எழுதி, பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லார் முன்னாலும் அவர் மறுபக்கத்தைக் காட்டியது இன்றும் காது மடலைச் சூடாக்கும்.

சிபிசிடி: எப்படிக் கேட்பது, எப்படி வாசிப்பது

ஓபிஜியில் சந்தேகம் வந்தால் அடுத்து கோன் பீம் சிடி, சுருக்கமாகச் சிபிசிடி, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன். சீட்டில் "சிபிசிடி மேல்தாடை" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தப் பல், என்ன சந்தேகம், கட்டி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று எழுதுங்கள். ரூட் கெனாலுக்காக எடுக்கும் 5×5 சென்டிமீட்டர் படத்தில் பெரிய கட்டியின் கூரை வெட்டுப்பட்டுப்போகும். கூரை தெரியாவிட்டால் கதிர்வீச்சு வாங்கியதுதான் மிச்சம். 8×8 அல்லது அதைவிடக் கொஞ்சம் பெரிய பரப்பில், சைனஸ் மூக்குக்குள் திறக்கும் வாசல் வரை வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். அந்த வாசல் உள்சுவரில் உயரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் உடம்பு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறது, நாளுக்கு ஏறக்குறைய 6 அல்லது 7 மைக்ரோசீவர்ட். ஓபிஜி சில நாள் கணக்கு. சிபிசிடி, பரப்பையும் கருவியையும் பொறுத்து, சில நாளிலிருந்து சில வாரம் வரை. தலை சிடி ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட், கிட்டத்தட்ட ஒரு வருடக் கணக்கு. கர்ப்பம் உண்டா என்று கேட்பதும், கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருப்பதும் பேச்சுக்கே இடமில்லாதவை.

படம் கணினியில் திறந்ததும் கட்டியைப் பார்க்காதீர்கள். நல்ல பக்கத்தைப் பாருங்கள். தரை எந்த உயரம், சவ்வு எவ்வளவு தடிப்பு? 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் நான் நின்று பார்ப்பேன். சைனஸ் வாசல் திறந்திருக்கிறதா? இது உங்கள் அளவுகோல்.

அப்புறம் அச்சைத் திருப்பி, சந்தேகப் பல்லின் வேர் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் துண்டு துண்டாக உருட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு வேராக நுனி வரை போங்கள். நுனி கட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா, கட்டியின் சுவர் மேல் சாய்ந்திருக்கிறதா, எட்டவே இல்லையா? நுனி உள்ளே இருக்கும் பல்தான் பெரும்பாலும் குற்றவாளி.

ஸ்ரீராமபுரத்து அம்மாவுக்கு இதை இடது மேல் முதல் கடைவாய்ப் பல்லில், எங்கள் கணக்கில் 26இல், செய்தேன். குறுக்குவெட்டில் முன்பக்கக் கன்ன வேருக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, ரூட் கெனால் நிரப்பிய பொருள். அதற்குப் பக்கத்தில், அண்ணத்துப் பக்கமாக, ஊசிமுனை அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. நிரப்பாமல் விட்டுப்போன நான்காவது கால்வாய். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் இது அடிக்கடி உண்டு, அடிக்கடி விட்டும்போகிறது. அந்தக் கருப்புப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் நேராகக் கட்டியின் நடுவில் கொண்டுபோய் விட்டது. அதற்கும் மேலே, தொப்பி போல வளைந்த கோடு, கண்குழித் தரைக்குக் கீழே ஒரு விரற்கடை தூரத்தில்.

பிறகு சுவர்களைச் சுற்றி வாருங்கள். முன்சுவர், பின்சுவர், மூக்கின் பக்கச் சுவர், கண்குழித் தரை, கன்னத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் கால்வாய், சைனஸ் வாசல். ஒவ்வொன்றும் தள்ளப்பட்டிருக்கிறதா, மெலிந்திருக்கிறதா, அரித்துப்போயிருக்கிறதா? இந்த மூன்று சொல்லும் ஒன்றல்ல. நீர்க்கட்டி தள்ளும், மெலிக்கும். ஒழுங்கில்லாமல் அரிப்பது வேறு ஆள்.

ஒரு எச்சரிக்கை: சிபிசிடியில் சாம்பல் நிறத்தின் எண்ணை வைத்து "இது நீர், இது திசு" என்று சொல்லாதீர்கள். அந்த எண்கள் சாதாரண சிடியில் இருப்பது போல நம்பகமானவை அல்ல. எலும்பைக் கேட்டால் இந்தக் கருவி பதில் சொல்லும், உள்ளே இருப்பது என்ன என்று கேட்டால் உளறும்.

படத்தை வைத்து வகை சொல்வது

செத்த பல்லின் நுனியைச் சுற்றி இருந்தால் வேர்முனை நீர்க்கட்டி, தாடைக் கட்டிகளில் மிக அதிகமாக வருவது இதுவே. பல் பிடுங்கிய இடத்தில் தனியாக உருண்டையாக இருந்தால் அதன் மிச்சம்.

முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி, பல்லின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் பற்தலை நீர்க்கட்டி. இது படத்தில் பார்க்க விசித்திரமாக இருக்கும். ஞானப் பல்லைத் தள்ளிக்கொண்டே போய்க் கண்குழித் தரைக்கு அடியில் நிறுத்திவிடும். ஒரு பக்க மூக்கடைப்பு என்று வரும் பதின்வயதுப் பிள்ளையின் சைனஸ் உச்சியில் பல் ஒன்று தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தால், அப்பா அம்மாவுக்குக் காட்டும் முன் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

கெராட்டோசிஸ்ட், அதாவது உள்ளே கெராட்டின் என்ற புரதம் நிரம்பும் கட்டி, தனி ரகம். 2005இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கழலைப் பட்டியலில் சேர்த்தது, 2017இல் திரும்ப நீர்க்கட்டிக்கே கொண்டுவந்தது. பெயர் மாறினாலும் குணம் மாறவில்லை, எடுத்தாலும் திரும்ப வரும். பக்கத்துப் பற்களுக்கு உயிர் இருக்கும், விளிம்பு வளைந்து வளைந்து போகும். ஒருவருக்கே இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் கோர்லின் நோய்க்குறி என்ற மரபணுக் கோளாறு நினைவுக்கு வர வேண்டும். பற்தலை நீர்க்கட்டி மாதிரியே வேஷம் போடவும் இதற்குத் தெரியும். அமெலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கழலையும் அப்படித்தான், அது பக்கத்துப் பல்வேர்களைக் கத்தியால் சீவியது போல வெட்டிவிட்டுப் போகும்.

சிடி, எம்ஆர்ஐ எப்போது?

எல்லோருக்கும் வேண்டாம். கன்னம் மரத்துப்போவது, கண் இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்க மூக்கில் ரத்தம், காரணமில்லாமல் பல் ஆடுவது, படத்தில் ஒழுங்கில்லாத எலும்பு அரிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய சிடிக்கும் மேல்சிகிச்சைக்கும் அனுப்புங்கள், தள்ளிப்போடாதீர்கள். சைனஸ் புற்றுநோயும் பல்வலியாகத்தான் வேஷம் கட்டி வரும்.

சைனஸுக்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளோடு அடர்த்தியான உருண்டை இருந்தால் பூஞ்சைப் பந்தை நினையுங்கள். ரூட் கெனால் மருந்து சைனஸுக்குள் பிதுங்கிப்போன இடத்தில் அது வளர்வதுண்டு. உள்ளே நீரா, திசுவா என்று தெரிய வேண்டுமென்றால் எம்ஆர்ஐ. வெறும் நீர் டி2 என்ற எம்ஆர்ஐ பட வகையில் பளிச்சென்று வெளுக்கும், மருந்து செலுத்தினால் ஓரம் மட்டும் மெல்லிய வளையமாக ஒளிரும். உள்ளே தடித்த பகுதி ஒளிர்ந்தால் கழலை என்ற சந்தேகம் வலுக்கும்.

அறிக்கையும் ஊசியும்

"இடது சைனஸில் கட்டி தெரிகிறது, மருத்துவரை அணுகவும்" என்று எழுதுவது அறிக்கை அல்ல, ஜாதகம். நான் எழுதும் வரிசை: எந்தப் பல்லிலிருந்து, மூன்று அளவுகள் மில்லிமீட்டரில், விளிம்பு, சைனஸ் தரைக் கோடு எங்கே, எந்தச் சுவர் மெலிந்தது, வாசல் திறந்ததா, பக்கத்து வேர்கள், பிறகு முதல் சந்தேகம், இரண்டாம் சந்தேகம். காது மூக்கு தொண்டை மருத்துவரும் வாய் அறுவை மருத்துவரும் ஒரே தாளைப் படிப்பார்கள் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். சைனஸை மட்டும் கழுவிவிட்டுப் பல்லை விட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

அறுவைக்கு முன் ஊசியில் இழுத்துப் பார்ப்பது பழைய முறை, இன்னும் நல்ல முறை. வைக்கோல் நிறத்தில், மினுமினுக்கும் கொலஸ்ட்ரால் துகளோடு வந்தால் நீர்க்கட்டி. தயிர் போலக் கெட்டியாக வந்தால் கெராட்டோசிஸ்ட். ரத்தம் பீய்ச்சினால் கையை எடுத்துவிட்டு ரத்தக்குழாய்க் கட்டியா என்று யோசியுங்கள்.

செலவுக்குத் தயங்குகிறவர்களை நான் கோட்டைப் பக்கம், விக்டோரியா மருத்துவமனையை ஒட்டியிருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்வேன். கூட்டம் இருக்கும், காலையிலேயே கிளம்ப வேண்டும்.

அந்த அம்மாவுக்குப் பல்லோடு கட்டியும் எடுக்கப்பட்டது, திசுப் பரிசோதனையும் வேர்முனை நீர்க்கட்டி என்றே சொன்னது. ஆறாம் மாதம் படம் எடுக்க வந்தவர் ஜிமிக்கியை அவரே கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "அப்ப ரெண்டு வருசம் ஆவி புடிச்சதெல்லாம்?" என்று கேட்டார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். பழைய படத்தில் கண்குழிக்குக் கிட்டே ஏறியிருந்த கோடு பாதித் தூரம் கீழே இறங்கியிருந்தது. அதன் அடியில் ஓரங்களிலிருந்து புது எலும்பு மங்கலாக நிரம்பத் தொடங்கியிருந்தது.